மெதுவா சொல்லு

தலைமை ஆசிரியை என் மகளிடம் பெயரைக் கேட்டார். அவர் வாயைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.



விடிய விடிய தறி ஓட்டிவிட்டு, குளித்து, அப்படியே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். கண் எரிந்தது. அவள் மேசையை ஒட்டி, எனக்கு முதுகு காட்டி நின்றாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரெட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனும்தான்.

கத்திடாதே கண்ணு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அபிதகுசாம்பாள். திருவண்ணாமலையில் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. அம்மன் பெயரையே வைத்தோம். வீட்டில் அபி.

அவளிடம் ஒரே ஒரு குறை, கத்துவது. பட்டு நெய்கிற பவர்லூம் இரண்டு எங்கள் கூடத்திலேயே ஓடுகிறது. தூளியில் கிடந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள். மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பால்வாடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாணிக்கவேலுக்கு அது ஒரு கேலி.

"உம் பொண்ணு இருக்கசொல்ல திருவிழாவுக்கு மைக்செட்டு எதுக்குப்பா?"

பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். பிள்ளைக்குக் காது நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். வீட்டில் யாரிடம் இப்படிக் கத்திப் பேசுகிறாள் என்று கேட்டார். தறியிடம்தான் என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

எனக்குச் சிரிப்போடு பயமும் இருந்தது. சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்கள். எட்டவில்லை. அடுத்த வருஷம் வா என்றார்கள். அடுத்த வருஷம் அப்பா என்னைத் தறிக்குத்தான் கூட்டிப்போனார். எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு, என் மனைவி ஹேமலதாவிடம்.

பள்ளிக்கூடம் ஒரு தடவை திருப்பி அனுப்பினால் போதும். எனக்குத் தெரியும்.

அதனால் கோடை முழுக்க, தறி நின்ற நேரமெல்லாம் அவளை உட்காரவைத்துப் பழக்கினேன். முழுப் பேரையும் சொல்லு. மெதுவா சொல்லு.

சொன்னால் வாய் மட்டும் அசையும், சத்தமே வராது. வாயைத் திறந்து சொல்லுடி என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு குரல் அவளுக்கு வரவே இல்லை.

"அவ நல்லாதான் சொல்லிகினு இருக்கா. கொழந்தைய ஏன் பேஜார் பண்றீங்க?" என்று அடுப்படியிலிருந்து கத்துவாள் ஹேமலதா.

பெற்றவள். விட்டுக்கொடுக்க மாட்டாள்.

இப்போது தலைமை ஆசிரியை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். மேலே மின்விசிறி சுற்றியது. சடை லேசாக ஆடியது.

ஒரு சத்தமும் இல்லை.

பயந்துவிட்டாள். போச்சு.

"சொல்லு அபி! டீச்சர் கேக்குறாங்க இல்ல?"

ஓரமாக எழுதிக்கொண்டிருந்த இன்னொரு டீச்சர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். வராந்தாவில் போன பிள்ளைகள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பிறகு, ஒவ்வொரு சொல்லாக, நான் வாயைப் பார்க்கட்டும் என்பது போலச் சொன்னார்.

"பாப்பா சொல்லிட்டா சார். ரெண்டு வாட்டி. அழகா, மெதுவா."

அவர் முன்னால் இருந்த தாளைப் பார்த்தேன். எனக்குத் தலைகீழாக இருந்தது. எழுத்துக் கூட்டினேன். அபிதகுசாம்பாள். மை இன்னும் காயவில்லை.

அபி ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். என் காதில் வாயை வைத்து, நான் கோடையெல்லாம் வேண்டாம் என்று திட்டித் தீர்த்த அதே குரலில் கத்தினாள்.

"அப்பா! சொல்ட்டேன்பா!"

அது மட்டும் எனக்குக் கேட்டது.