பங்குக்காரர்கள் வரும்வரை

"ஒத்த ஆளு கொறஞ்சாலும் கத்தி வைக்கமாட்டேன். போன தடவ ஈரல நான் ஒளிச்சிட்டேன்னு லயத்து வீடு பூரா பேசுனாங்கல்ல?"

தயாளன் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குந்தியிருந்து பீடி பற்றவைக்கிறான். எதிரே, வாகை மரத்தடியில், அவன் கட்டிய கம்பிச் சுருக்கில் காட்டுப்பன்றி ஒன்று பின்னங்கால் மாட்டிக் கிடக்கிறது. விடியற்காலையில் மாட்டியது. இப்போது பத்து மணி. பனி விலகிய சரிவில் வெயில் செடி செடியாக ஏறி வந்து பன்றியின் முதுகில் நிற்கிறது. ஈர மயிரிலிருந்து மெல்லிய ஆவி எழுகிறது. அது காலை இழுக்கும்போதெல்லாம் கம்பி எலும்பில் உரசுவது கேட்கிறது. கொழுந்துச் சாக்கைச் சுமந்தபடி அவன் தங்கை ஜீவராணி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"எத்தன பங்கு?"

"ஏழு. எல்லாரும் மேல் மலையில மருந்தடிக்கிறாங்க. ஒரு மணிக்கு வந்துருவாங்க."

"அதுவரைக்கும் இது உசுரோட இப்பிடியே கெடக்கணுமா?"

"ஏன், நீ சைவமா? போன மாசம் எலும்பக்கூட விட்டுவைக்கல."

"திம்பேன். இன்னைக்கும் திம்பேன். இல்லேன்னு சொன்னேனா?"

அவன் சிரித்துப் புகையைப் பன்றியின் பக்கம் ஊதுகிறான். பன்றி வாயைத் திறக்கிறது. சத்தம் வரவில்லை, நுரைதான் வருகிறது. மேலே கங்காணி அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். அவள் சாக்கைக் கழற்றிக் கீழே போடுகிறாள்.

"யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். என் பங்கையும் அவங்களுக்கே குடுத்துரு. இப்பவே அறுத்துருண்ணே."