டிலானியின் முடி

"நீயெல்லாம் பெத்தவளா?"

பட்டம்மாள் வாசலில் நின்றபடியே கேட்டாள். அவளுக்குப் பின்னால் அடுத்த வீட்டுச் சின்னம்மாளும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும். மந்தாரக்குப்பத்தில் அந்தத் தெருவில் ஒரு விஷயம் என்றால், மத்தியான சீரியலைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். பட்டம்மாளின் வீட்டுப் பின்போர்ஷனில் குடியிருப்பவள் ரெஜினா. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள், தையல் கடையில் வேலை. அவள் மகள் டிலானிக்கு முதுகை மறைக்கும் கூந்தல். வெள்ளிக்கிழமையானால் அந்தப் பின்னலுக்குப் பூ வாங்கிக் கொடுப்பதே பட்டம்மாள்தான். இன்று காலை குழாயடிக்கு வந்த பெண்ணின் தலையில் அது இல்லை. ஒட்ட வெட்டியிருந்தது. அதுவும் எலி கடித்த மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாக.

"கல்யாண வயசுப் பொண்ணு தலையில கத்தரி வெக்க எப்பிடிம்மா மனசு வந்துது? என்னா தப்பு பண்ணுச்சு அது?"

ரெஜினா தெருப் பெண்களை ஒருமுறை பார்த்தாள்.

"எவங்கூடயாவது பேசிக்கினு இருந்திருக்கும்" என்றாள் சின்னம்மாள்.

"பேசினா? அதுக்கு முடிய வெட்டுவாளா? இந்த மாதிரி ராட்சசிக்கு எங்க வூட்ல எடமில்ல. இன்னிக்கே காலி பண்ணிடு."

ரெஜினா மெதுவாகச் சொன்னாள்: "உள்ள வாங்கோ அக்கா. நீங்கள் மட்டும்."

உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள். டிலானி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை.

"நான் வெட்டேல்ல அக்கா. அவளாத்தான் வெட்டினவள்."

"அதுவாவா? எதுக்கு?"

"ஆமி எங்கட ஊரைப் பிடிச்சிருந்த நேரம், குமர்ப்பிள்ளையள் இருக்கிற வீட்டை எப்ப வந்து தட்டுவாங்கள் எண்டு தெரியாது. பொம்பிளையள் எல்லாரும் சேர்ந்து ஒரு வீட்டிலதான் இருப்பம். ஒருநாள் தட்டினவங்கள். நான் வாசலை மறிச்சுக்கொண்டு நிண்டனான். துவக்கால தோள்ல இடிச்சுத் தள்ளிப்போட்டு உள்ள வந்தாங்கள். இவள் முதல்நாளே முடியை ஒட்ட வெட்டி, தம்பியின்ர சட்டையைப் போட்டிருந்தவள். பேரைக் கேட்டவங்கள். குரல் நடுங்காமத் தம்பியின்ர பேரைச் சொன்னவள். பெடியன் எண்டு நினைச்சு விட்டுட்டுப் போட்டாங்கள். முடி இல்லாட்டித் தப்பலாம் எண்டு அண்டைக்கே இவளுக்கு மனசில பதிஞ்சிட்டுது."

பட்டம்மாளின் கோபம் கரைந்தது. குரல் இறங்கியது.

"பாவமே. ஆனா அது அங்கம்மா. இங்க ஏது மிலிட்டரி? யாரு வந்து என்னா பண்ணப் போறாங்க?"

"ஆமி இல்லை அக்கா." ரெஜினா அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "உங்கட வீட்டுக்காரர் இருக்கிறார்."

பட்டம்மாளின் கை ஓங்கிவிட்டது. ரெஜினா நகரவில்லை.

"கொஞ்ச நாளா, நான் கடைக்குப் போனாப் பிறகு வந்து கதவைத் தட்டுறார். இவள் திறக்கிறேல்லை. நேற்று அவரே சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ள வந்திட்டார். பிள்ளை பின்கதவால ஓடித் தப்பினவள்."

"இத ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"அகதிக்கு ஆர் வீடு தருவினம் அக்கா? சொன்னா, வெளிய போறது நாங்கள்தானே."

ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

இந்தப் போர்ஷனின் இன்னொரு சாவி பீரோவில்தான் இருக்கும். நேற்று அது அங்கே இல்லை. கேட்டதற்கு, அந்தப் போர்ஷனில் இருக்கும் தண்ணி மோட்டார் ரிப்பேர், அதற்காக எடுத்தேன் என்றார் அவள் புருஷன் வேணு. மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதே அவளுக்கு என்னவோ போலிருந்தது. மேலே கேட்கவில்லை.

கை இறங்கி டிலானியின் தலைமேல் போயிற்று. வெட்டின முடி உள்ளங்கையில் முள்ளாகக் குத்தியது. அந்தப் பெண் முதலில் உடம்பைச் சுருக்கிக்கொண்டாள். அப்புறம்தான் யார் கை என்று பார்த்தாள். அந்தச் சுருங்கலைப் பட்டம்மாளால் தாங்க முடியவில்லை.

வெளியே மொபெட் வந்து நின்றது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து மைன்ஸிலிருந்து வேணு வந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்துச் சின்னம்மாளிடம் விசாரிப்பது உள்ளே கேட்டது. அடுத்து அவர் குரல் உயர்ந்தது.

"பொம்பளையா அவ? பெத்த பொண்ண இப்பிடி அலங்கோலம் பண்ணிக்கினு! இந்த மாதிரி ஆளுங்கள வெச்சிருந்தா தெருவுக்கே கெட்ட பேரு. பட்டு, காலி பண்ணச் சொல்லு மொதல்ல."

"ஆமாண்ணே, அதத்தான் அக்காவும் சொல்லிச்சு" என்றாள் சின்னம்மாள்.

கதவைத் திறந்துகொண்டு பட்டம்மாள் படியில் வந்து நின்றாள். கத்தவில்லை. ஆனால் கடைசியில் நின்றவளுக்கும் கேட்டது.

"காலி பண்ணித்தான் ஆவணும். வூடு எங்கப்பா எம்பேர்ல எழுதி வெச்சது. அவங்க இங்கியே இருக்கட்டும். உங்க துணிமணிய எடுத்து வெளிய வெக்கிறேன், நீங்க கெளம்புங்க."