சரி என்ற குரல்

நாலு லட்சத்துப் பதினேழாயிரத்து முந்நூற்று அறுபத்திரண்டு.

தகராறை விசாரிக்க உட்கார்ந்திருந்த நடுவர் தொகையை வாய்விட்டுப் படித்தார். எதிரே உட்கார்ந்திருந்தவள் யார் வீட்டுக் கணக்கோ என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் சுவருக்குப் பூச்சு பூசுகிறவர். செத்து எட்டு மாதமாகிறது. அவர் பெயரில் பங்கு வாங்கி விற்றதில் வந்த நட்டம் இது. அவர் சம்மதித்துத்தான் நடந்தது என்று ஆகிவிட்டால், அவள் குடியிருக்கிற வீடு தரகு நிறுவனத்துக்குப் போய்விடும்.

“அவரு ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க” என்றாள்.

நிறுவனத்தின் வக்கீல் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். பங்குத் தரகர்களுக்காகவே வாதாடித் தலை நரைத்த மனுஷன். எதிரே வந்து உட்காருகிற எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.

அதற்கு அவரிடம் ஒரே மருந்துதான்.

சாயங்காலம் சந்தை மூடியதும் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளருக்குப் போன் போகும். அன்றைக்கு வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் கடகடவென்று வாசிப்பார்கள். பாதி புரிந்தும் புரியாமலும் அந்தப் பக்கம் ‘சரி’ என்பார்கள். அது பதிவாகும். அந்தச் ‘சரி’யோடு வெட்டி எடுத்துக்கொண்டு வருவார் வக்கீல். அதற்குப் பிறகு பேசியதை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

போனை எடுக்காதவர்களுக்காக ஆபீஸ் பையன்களே ‘சரி’ சொல்வதுண்டு என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. விழுந்ததை அங்கேயே விட்டுவிட்டார்.

லேப்டாப்பைத் தட்டினார்.

“சரி.”

கரகரத்த குரல். தொண்டையில் மணல் ஒட்டினாற்போல.

அவள் விரல் தன்பாட்டில் மேசையை இரண்டு தட்டுத் தட்டியது.

“இன்னொரு தடவ போடுங்க சார்.”

போட்டார்.

“யாரு குரல்மா?” என்று கேட்டார் நடுவர்.

“எங்க வீட்டுக்காரர் குரல்தாங்க.”

மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினாற்போல் இருந்தது வக்கீலுக்கு. இவ்வளவு லேசாக யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

“யோசிச்சுச் சொல்லும்மா. வீடு போயிடும்” என்றார் நடுவர்.

“தெரியுதுங்கய்யா. இல்லைன்னு சொல்ல வாய் வரலையே.” சற்று நிறுத்தினாள். “இதுக்கப்புறம், கதவச் சாத்திட்டியான்னு கேப்பாரு. எப்பவும் அதான் கேப்பாரு.”

முழுப் பதிவையும் போடச் சொன்னார் நடுவர். ஜெயித்த மனுஷனுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? வெட்டாத பதிவும் லேப்டாப்பில்தான் இருந்தது; வக்கீல் போட்டார்.

சரி. நிறுவனத்துப் பையன் நன்றி சொன்னான். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வீட்டுக்குள் திரும்பிக் கேட்கிறாற்போல,

“கதவச் சாத்திட்டியா?”

“சாத்திட்டேங்க” என்றாள் அவள், லேப்டாப்பைப் பார்த்து.

வக்கீல் சிரித்துக்கொண்டார். கூடவே வாழ்ந்தவளுக்குத் தெரியாதா என்ன.

நடுவர் எழுதியதைப் படித்துக் காட்டினார். ‘பதிவில் பேசுவது என் கணவர்தான்.’ “கீழே ஒரு கையெழுத்துப் போடும்மா.”

பேனாவை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள்.

“பேசுறாருன்னு எழுதினா பொய்யாயிடுங்கய்யா. அவருக்குப் பிறவியிலேயே பேச்சு கிடையாது.”

நடுவர் எழுதிய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இத ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“யாரும் கேக்கலையேங்க. சாரத்துல நின்னுக்கிட்டு சரின்னு சொல்லணும்னா பூச்சுக் கரண்டியால சுவத்துல ரெண்டு தட்டுத் தட்டுவாரு. அம்புட்டுதான் அவரு பேச்சு.”

“பேசாதவர் குரல் உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புதுப்பெண்போல வெட்கப்பட்டாள்.

“கனவுல பேசுவாருங்க. கல்யாணமானதுலேருந்து. இதே குரல்தான். யார்கிட்டயும் சொன்னதில்ல.”

ஆபீஸ் பையன் எவனோதான் என்று நினைத்துக்கொண்டார் வக்கீல். குரல் ஒத்துப்போயிருக்கும். ஆனால் கதவு?

வராந்தாவுக்குப் போய் நிறுவனத்து மேலாளரைப் போனில் பிடித்தார்.

“எந்தப் பையன்யா பேசினது? மறைக்காம சொல்லு.”

“சத்தியமா நம்ம பசங்க இல்ல சார். மத்ததெல்லாம் எப்படியோ, இது ஒண்ணுதான் நிஜமா அவங்க வீட்டு நம்பருக்கே போட்டது. ஒரே ரிங். அவரே எடுத்தாரு.”

வக்கீல் விஷயத்தைச் சொன்னார்.

“தள்ளுபடி பண்ணிடுங்க சார்” என்றார் மேலாளர். “அந்தப் பதிவையும் அழிச்சிடுங்க.”

உள்ளே வந்த வக்கீல் ஜன்னல் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்து எழுதினார். கடன் முழுவதும் தள்ளுபடி. எத்தனையோ வருஷத்துத் தொழிலில் இந்த வார்த்தைகளை அவர் கை எழுதியது இதுதான் முதல் தடவை.

அவள் கையெழுத்துப் போட்டாள். பையை எடுத்துக்கொண்டாள். மூடியிருந்த லேப்டாப்பை ஒரு தரம் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அவள் செருப்புச் சத்தம் படிப்படியாக இறங்கி, கடைசிப் படியையும் தாண்டித் தெருவில் கரைகிற வரைக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் கதவில், வெளியிலிருந்து, இரண்டு தட்டுக் கேட்டது.