நாடாக நின்ற பசு

ஹாலந்து நாட்டில், ஒரு கால்வாய்க் கரையில், கிரீத்தா என்கிற பசு, நாட்டையே ஒரு பசுவாக வரைய வந்த ஓர் ஓவியர் முன்னால் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது. பால் கட்டி மடி விண்விண்ணென்று தெறித்தது. கறக்க வந்த பெண்ணையும் அவர் தடுத்துவிட்டார்.

"நிறைந்த மடிதானம்மா நம் நாட்டின் செழிப்பு! இப்போது தொடாதே."

அவள் வாளியோடு ஓரமாக நின்றாள்.

"கொடுத்துவச்சவ அக்கா நீ! நாடே நீதானாமே!" என்றது பக்கத்தில் மேய்ந்த வெள்ளாடு.

"வலி நாட்டுக்கா வருது? எனக்குத்தானடி வருது!" என்று கிரீத்தா சீறியது.

ஆத்திரம் தாங்காமல் காலை ஓங்கி உதைத்தது. சேறு போய் ஓவியர் முகத்தில் அப்பியது. இனியாவது விரட்டிவிடுவார் என்று பார்த்தால், மனுஷன் துள்ளிக் குதித்தார்.

"ஆகா, எதிரிக்கு அடங்காத நம் நாட்டின் வீரம்!"

கிரீத்தாவுக்கு வெறுத்துப்போயிற்று. படுத்தால் மடி அழுந்தி இன்னும் வலிக்கும். வலித்துத் தொலையட்டும் என்று சேற்றிலேயே படுத்துவிட்டது. படுத்த மாட்டை எவன் வரைவான்?

ஓவியரின் கண்கள் கலங்கின. "நம் நாட்டின் அமைதி!" என்று முணுமுணுத்தார். புதிய ஓவியத் துணி ஒன்றைச் சட்டத்தில் மாட்டிவிட்டு, வாளியோடு நின்றவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ நாளைக்கு வாம்மா."