நிமிடத்துக்கு எத்தனை கிலோ

மூன்றாவது நிமிடத்தில் மாவு நின்றுவிட்டது.

அவள் ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். தராசைப் பார்த்தாள். முதல் நிமிடம் நாற்பது கிலோ. அடுத்தது இருபத்தாறு. இப்போது ஒன்றுமில்லை.

தலைக்கு மேல் அறுபது டன் மரவள்ளி மாவு, சைலோ என்ற சேமிப்புக் கோபுரத்தின் கழுத்தில் வளைவாக இறுகி, அடைத்து நிற்கிறது.

சைலோவின் அடிவாய் ஓரடி அகலம். இரண்டடி இல்லாவிட்டால் இந்த மாவு இறங்காது என்று போன வருடமே அளந்து எழுதிக் கொடுத்தவள் அவள். கொடுத்துவிட்டு, சோதனைக் கூடத்துக்குத் திரும்பி அடுத்த வேலையைப் பார்த்தவளும் அவள்தான்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் தொழிலாளி மாதேசன் கம்பியோடு உள்ளே இறங்கி இதே போன்ற ஒரு வளைவைக் குத்தினார். அது உடைந்து மாவு அவரை மூடிவிட்டது. தகட்டை வெட்டி அவருடைய உடலை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

மேலாளர் தங்கவேல் அறிக்கையை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார். காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. மாவு சீராக இறங்குகிறது என்பதற்கு ஓர் எண் மட்டும் பாக்கி. அதற்குத்தான் அவளை வரவழைத்திருந்தார்கள்.

"லேசா குத்திவிட்டா வந்துரும் மேடம். ஓட ஆரம்பிச்சதும் அளந்துக்கங்க."

சொல்லிவிட்டு அவர் ஐயந்துரையைக் கூப்பிட்டார். மாதேசனோடு ஒரே ஷிப்ட்டில் இருந்தவர். ஐயந்துரை கம்பியை எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.

அவள் ஸ்டாப்வாட்சைக் கீழே வைத்தாள்.

போய் அந்தக் கம்பியைப் பிடுங்கினாள். மேலாளரிடம் நீட்டினாள்.

"நீங்க ஏறுங்க சார். நான் அளக்கறேன்."

அவர் சிரித்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தியிருந்தார்கள். தனக்கு பிரஷர் இருக்கிறது, உயரம் ஒத்துக்கொள்ளாது என்றார். குரல் இறங்கியிருந்தது.

அவள் கம்பியைக் கீழே போட்டாள். தன் தாளை எடுத்தாள்.

மூன்றாவது நிமிடம்: பூஜ்யம்.

காரணம்: வாய் போதாது. போன வருடமே சொல்லப்பட்டது.

அழுத்தியதில் தாள் ஓரிடத்தில் கிழிந்தது.

கீழே சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் இடம். வழக்கமாக மேலாளர் போடுவது.

பேனாவை ஐயந்துரையிடம் கொடுத்தாள்.

அவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சேர்த்து, எழுத்தெழுத்தாக, நிதானமாக எழுதினார்.

அவர் நிமிர்ந்தபோது பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.