காயும் வரை

மொட்டை மாடியில் வெயில் ஏறுகிறது. இன்று முதல் வெளியே துணி காயப்போடக் கூடாதென்று குடியிருப்புச் சங்கத்தில் முடிவாகிவிட்டது. கொடிக்கம்பியை வெட்ட வந்த எலக்ட்ரீஷியன் கட்டிங் பிளேயரோடு நிற்கிறார். இரண்டாம் மாடித் தையல்காரம்மாவோ வாளியிலிருந்து ஈரப் போர்வையை எடுக்கிறாள்.

"அக்கா, உள்ளேயே மெஷின்ல காயவச்சுக்கலாமே?"

"காயும் தம்பி. வெயில் வாசனை வருமா?"

கனம் தாங்காமல் அவள் தடுமாறவே, அவர் பிளேயரைக் கீழே வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்து முறுக்குகிறார். தண்ணீர் சொட்டச் சொட்ட அவளுக்குச் சிரிப்பு வருகிறது. முன்பெல்லாம் எதிர்வீட்டுக்காரி இப்படித்தான் முறுக்கிக்கொண்டே மாமியாரை வறுத்தெடுப்பாள். இவள் மகள் ஈரச் சேலைகளுக்குள் புகுந்து ஓடி அடி வாங்குவாள். எதிர்வீட்டுக்காரி காலி செய்து போய்விட்டாள். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வருகிறாள். கொடியில் விரித்த போர்வை காற்றில் உப்புகிறது. அதன் வெளிச்சம் அவள் முகத்தில் அலைகிறது.

கீழிருந்து செயலாளரின் குரல்: "என்னப்பா, வெட்டியாச்சா?"

எலக்ட்ரீஷியன் அவளைப் பார்க்கிறார். பிறகு கைப்பிடிச் சுவரருகே போய்க் குனிந்து கத்துகிறார்:

"இன்னும் காயல சார்!"