கோட்டை வாசல் முத்திரை

காட்டு ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவருக்கு வனக் காவலர் வேலை. மர மில்லில் கட்டை சுமக்கும் என் அக்கா அதற்காகத்தான் ஓடினாள். அவளுக்கு முன்னால் ஒருவருமில்லை. ஆனால் பாழடைந்த கோட்டை வாசலில் அவள் மணிக்கட்டில் குத்திய முத்திரையில் வரிசை எண் இரண்டு.

“முன்னாடி ஒருத்தி போறா, வெறுங்காலோட. விடாதே, புடி!” என்றார் முத்திரை குத்துகிறவர்.

அக்கா உயிரைக் கொடுத்து ஓடினாள். வழியில் யாரையும் முந்தவில்லை. பந்தய எல்லையில் நாடா அறுபடாமல் இருந்தது. நெஞ்சால் அறுத்தாள்.

ஓடப் போனவர்கள் முப்பத்தொரு பேர். திரும்பியவர்களும் முப்பத்தொரு பேர். கடைசி ஆளின் கை முத்திரையில் முப்பத்திரண்டு.

“கட்டை தூக்கறவளுக்குக் காக்கிச் சட்டையா?” என்றார் வேடிக்கை பார்க்க வந்திருந்த மில் மேஸ்திரி.

“ஆமாண்ணே. நாளைக்கு வேற ஆளப் பாருங்க.” அங்கேயே கொடுத்த சட்டையை மாட்டினாள் அக்கா.

அவள் பொத்தான் போட்டு முடிக்கும்வரை, ஆளில்லாத காட்டுக்குள்ளிருந்து யாரோ கைதட்டிக்கொண்டே இருந்தார்கள்.